மஞ்சள் பட்ட விண்ணப்பம்

“…அதுக்குள்ளை நான் என்ன கிழவியாப் போயிடுவனோ? அஞ்சு வருசம் எண்டால் அஞ்சு மாரி. உன்ரை மனம் எந்தப் பக்கம் கிடக்குதோ அந்தப் பக்கம் போ, தம்பி. என்னை மட்டும் சாட்டாதை.”

என் அக்கா மகேஸ்வரி இதைச் சொன்னது அளவெட்டியில், எங்கள் வீட்டு நடு அறையில், ஒரு கார்த்திகை மாதத்துப் பின்னேரம். மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தால் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் ஐயா விற்காமல் வைத்திருந்த புகையிலைச் சிப்பங்கள் ஈரக் காற்றுக்கு வீடு முழுக்க மணத்தன.

மேசையில் இரண்டு கடிதாசி கிடந்தன. இரண்டும் எனக்கு உரியவை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அக்காவுக்கு இருபத்தைந்து.

போன இரண்டு கிழமையும் இந்தப் பத்தியில் மயிலிட்டி ஐஸ் தொழிற்சாலையில் நான் கணக்கு எழுதிய கதைகளைச் சொன்னேன். அதைப் படித்த ஒரு வாசகர், “நீங்கள் எக்கவுண்டன் சோதனை எங்கே பாஸ் பண்ணினீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேட்டவர் நல்ல மனத்தோடுதான் கேட்டிருக்கிறார். பதிலுக்கு நான் அந்த மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

கோழியும் கோறணமேந்தும்

‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்’ என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்பார்கள். ஐயா புகையிலைத் தோட்டக்காரர். தன் காலில் ஒட்டிய செம்மண் என் காலில் ஒட்டக் கூடாது என்பதற்காக அந்தப் பழமொழியைத் தேவாரம் மாதிரி நித்தம் சொல்லி வந்தவர்.

ஒரு நாள் சொல்வதை விட்டுவிட்டார்.

அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களம் தெரிய வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. எங்கள் ஒழுங்கையில் ஒரு கிளாக்கர் இருந்தார். நாற்பது வயது. தலையில் பாதி நரை. லீவில் வந்து நிற்கும்போது மகளின் சிலேற்றை வாங்கி வைத்துக்கொண்டு சிங்கள அரிவரி எழுதுவார். மகள் பக்கத்தில் நின்று சிரிக்கும். ஐயா வேலிக்கு மேலால் அதைப் பார்த்துவிட்டு வந்து, “கோழி நாங்கள் வீட்டிலையே மேய்ப்பம்” என்றார். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஊரில் எக்கவுண்டன், அதாவது கணக்காளர், என்ற சொல் அடிபடத் தொடங்கியது. டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் பல்கலைக்கழகம் வேண்டும். இதற்கு வேண்டாம். சோதனை இங்கிலிசில். கணக்கோ எங்கள் பிள்ளைகளுக்குக் கைப்பாடம். ‘எண்ணத் தெரிஞ்சவனுக்கு எந்த ஊரும் சொந்த ஊர்’ என்று எங்கள் கணக்கு வாத்தியார் சொல்லிச் சொல்லி உருவேற்றினார்.

இரண்டு வழி

போக இரண்டு வழி இருந்தது.

ஒன்று தபால் வழி. லண்டனில் இருந்து பாடங்கள் கவரில் வரும். படித்து, விடை எழுதி, திருப்பி அனுப்ப வேண்டும். ‘கொஸ்ற் எக்கவுண்டன்’ என்பார்கள். பகலில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். வடகரையில் ஒரு தொழிற்சாலையில் கணக்குக் கிளையில் எழுதுவினைஞராக என்னை எடுத்திருந்தார்கள். முதலாம் திகதி வந்து சேரச் சொன்ன கடிதம் மேசையில் கிடந்தது. வீட்டிலே சாப்பிட்டு, சைக்கிளில் போய் வரலாம்.

மற்றது கொழும்பு வழி. ஒரு சாட்டர்ட் எக்கவுண்டனிடம் ஐந்து வருஷம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துத் தொழில் பழக வேண்டும். ஆட்டிக்கிள்ஸ் என்பது அதன் பெயர். கைச்செலவுக்கு ஏதோ தருவார்கள். சம்பளம் என்று அதைச் சொன்னால் சம்பளத்துக்கு வெட்கம் வரும். அதற்கான விண்ணப்பம், நான் நிரப்பியது, மேசையில் மற்றப் பக்கம் கிடந்தது.

ஏன் கொழும்பு வழியை நினைத்தேன் என்று கேட்டால், அந்தக் காலத்தில் நூறு நியாயம் சொல்லியிருப்பேன். இப்போது ஒன்றுதான் சொல்லுவேன். முந்திய வருஷம் கோயில் தேருக்கு ஒரு சாட்டர்ட்காரர் காரில் வந்து இறங்கினார். வடம் பிடித்து நின்ற சனம் அவருக்கு வழி விட்டது. எனக்கும் அந்த வழி வேண்டும் போல் இருந்தது.

தபால் வழியில் போனவனுக்குச் சனம் வழி விட்டதாக நான் கண்டதில்லை.

மாற்றுச் சம்பந்தம்

ஆனால் இது என் ஒருவனுடைய விஷயமாக இருக்கவில்லை.

அம்மா நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே போய்விட்டா. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, எனக்கும் ஐயாவுக்கும் உலை வைத்தவள் அக்கா. அவளுக்கு ஒரு இடம் பேசி வந்தது. சிவஞானம் மாஸ்ரர். பக்கத்துக் குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். மெல்லிய மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை. அவருக்குப் புவனம் என்று ஒரு தங்கச்சி.

எங்கள் பக்கத்தில் மாற்றுச் சம்பந்தம் என்று ஒரு வழக்கம் உண்டு. உங்கள் பெண் எங்கள் பையனுக்கு, எங்கள் பெண் உங்கள் பையனுக்கு. இரண்டு வீட்டிலும் கொடுக்கலும் வாங்கலும் நேராகிவிடும். ஒருவரும் ஒருவருக்கும் குனிய வேண்டியதில்லை. மாஸ்ரருக்கு அக்கா, எனக்குப் புவனம் என்று பேச்சு. புவனத்தை நான் ஒரே ஒரு தரம், அதுவும் முதுகுப் பக்கமாகத்தான், கண்டிருந்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மாஸ்ரரை அக்கா எத்தனை தரம் கண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவர் எங்கள் வேலிப் படலையைக் கடக்கும்போது குடையைக் கொஞ்சம் உயர்த்துவார். அக்கா அந்த நேரம் பார்த்து முற்றத்து வேலிக் காலில் கட்டிய ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஆடு அந்த வருஷம் நல்லாய்க் கொழுத்தது.

தொழிற்சாலை வேலைக்குப் போனால் நான் மறுநாளே மாப்பிள்ளை. தை பிறக்க இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில் நடக்கும். கொழும்புக்குப் போனால் ஐந்து வருஷத்துக்கு நான் ஒரு பழகுநன். பழகுநனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? என்னுடையது நின்றால் மாற்றும் நிற்கும். அக்காவினதும் நிற்கும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பின்னேரம், “நீ சொல்லு அக்கா, நான் எதுக்குப் போறது?” என்று கேட்டேன். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

துரையின் நகம்

கொழும்பில் என்னை எடுத்த கணக்காளர் வெள்ளை உடுப்புக்காரர். மேசையில் ஒரு தூசி இருக்க விடமாட்டார். என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு மூலையில் மஞ்சளாய் ஒரு கறை. நகத்தால் சுரண்டினார். போகவில்லை.

“சாப்பிட்டுக்கொண்டே நிரப்பினீரோ?” என்று இங்கிலிசில் கேட்டார்.

“ஓம் சேர்,” என்றேன்.

அது கறியின் மஞ்சள் இல்லை. அதை நான் அவருக்குச் சொல்ல முடியாது. இங்கேயும் கடைசியில்தான் சொல்ல முடியும்.

சேர்த்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பச்சைப் பென்சில் தந்தார்கள். கணக்கு ஆய்வுக்குப் போனால், வவுச்சரைப் பார்த்து, புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கத்துக்குப் பக்கத்திலும் சின்னதாய் ஒரு சரி போட வேண்டும். நான் கடைசிவரை அதிகமாய் எழுதிய எழுத்து அந்தச் சரிதான். எதற்கு அது சரி என்று யோசிக்கத் தேவையில்லை. மேலே உள்ளவர் சரி என்றால் சரி. பச்சைப் பென்சில் பழகிய கைக்கு அது ஒரு வியாதி. நான் மேசையில் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்திலும் சரி போட்டிருக்கிறேன்.

அக்காவின் கையெழுத்து

மூன்றாம் வருஷம். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆய்வு. குளிர் என்றால் அப்படியொரு குளிர். தேயிலைப் பெட்டிகளை எண்ணி முடித்து, தொழிற்சாலையின் சூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது, கொழும்பு முகவரிக்கு வந்து அங்கிருந்து எனக்கு அனுப்பப்பட்ட ஐயாவின் கடிதம் கிடைத்தது.

ஐயாவுக்குக் கண்ணில் பூ விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். நான் போடும் பதிலை அக்கா உரத்து வாசிப்பாள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

கடிதத்தில் இருந்தது இதுதான். புவனத்துக்கு ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் சரிவந்துவிட்டது. சிவஞானம் மாஸ்ரர் வீட்டார் இனி மாற்றுக் கேட்கவில்லை. மகேஸ்வரியை மட்டும் கேட்கினம். சீதனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் நாளைக்கு நீ சாட்டர்ட் எக்கவுண்டன். ‘எக்கவுண்டனின்ரை தமக்கைக்கு ஒரு வாத்தியாரோ’ என்று ஊரில் கதைக்கினம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ படித்த பிள்ளை. என்ன பதில் சொல்ல?

கடைசியில், ‘இப்படிக்கு ஐயா’ என்பதற்குக் கீழே, இன்னொரு வரி: ‘பதிலை ஆறுதலாக யோசித்து எழுதவும்.’

நான் ஆறுதலாக, அவசரமில்லாமல், யோசிக்கவில்லை. பொக்கற்றில் பேனை இருக்கவில்லை. பச்சைப் பென்சில் இருந்தது. பெட்டி எண்ணிய தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

‘ஐயாவுக்கு, பொறுக்கச் சொல்லுங்கோ. என்னுடைய ஃபைனல் முடிந்தால் டொக்டர் மாப்பிள்ளையே படலைக்கு வரும். வாத்தியாருக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.’

மூன்று வரி. எழுதிவிட்டுத் தேநீர் குடித்தேன். நல்ல தேநீர்.

‘அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை’ என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதில் அந்தப் பெண்ணாவது தானே நம்பித் தானே விட்டாள். இங்கே அரசனாகப் போகிறேன் என்று சொன்னவன் நான். கைவிடச் சொன்னவனும் நான். விட்டது அவள்.

மாஸ்ரர் அடுத்த ஆவணியில் அரியாலையில் கலியாணம் முடித்தார். குடையோடு எங்கள் படலையைக் கடக்கும் வழியை மாற்றிக்கொண்டார். ஆட்டை ஐயா விற்றுவிட்டார்.

எத்தனை கடைசி

இன்ரர் என்ற இடைச் சோதனை ஒரே தரத்தில் வந்தது. ஃபைனல் வரவில்லை. முதல் தரம் இரண்டு பாடம் விழுந்தது. அடுத்த தரம் அந்த இரண்டும் எழும்பி வேறு இரண்டு விழுந்தது. ஐந்து வருஷம் எட்டாகி, எட்டு பத்தாகியது. “ஃபைனல் எண்டால் கடைசி எண்டுதானே அர்த்தம்? உவருக்கு எத்தனை கடைசி?” என்று ஊரில் ஒரு அண்ணை கேட்டாராம். நல்ல கேள்வி. எனக்கே விடை தெரியவில்லை.

அந்தப் பத்து வருஷமும் அக்காவுக்கு ஒரு டொக்டரும் படலைக்கு வரவில்லை. வந்த இரண்டு மூன்று இடத்தையும், “தம்பியின்ரை சோதனை முடியட்டும்” என்று ஐயா சொல்லிச் சொல்லி அனுப்பினார். ‘ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுக்க மாட்டியளோ’ என்பாராம். பிறகு சொல்லி அனுப்ப ஆளும் வரவில்லை.

மூத்தவள் இருக்க இளையவன் முடிக்க முடியாது. அதனால் நானும் அப்படியே நின்றேன். அதை நான் ஒரு தண்டனையாக எண்ணிக்கொண்டேன் என்று எழுதினால் பெருமை பேசுவதாகிவிடும். அப்படி அமைந்தது.

கடைசியில் திரும்பி வந்து மயிலிட்டியில் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். அளவெட்டியில் இருந்து சைக்கிளில் போய் வந்தேன், வீட்டிலே சாப்பிட்டேன். முதலிலேயே கிடைத்திருந்த வாழ்க்கைதான். பத்து வருஷம் சுற்றி அதற்கே வந்தேன்.

மயிலிட்டியில் முதல் நாளே என்னை எக்கவுண்டன் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரிடம் நான் வெட்கப்பட்டு, “நான் முழு எக்கவுண்டன் இல்லை, சம்மாட்டியார், ஃபைனல் பாஸ் பண்ணேல்லை” என்றேன்.

“கடலிலை நிண்ட மீனைப் பற்றி ஏன் கதைப்பான்?” என்றார். “கரைக்கு வந்ததுதான் மீன். நீர் கரைக்கு வந்திட்டீர். கணக்கைப் பாரும்.”

ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. கரைக்கு வந்த ஒரு மனிதரை நான் ஒரு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

துருவும் சத்தம்

ஐயா படுக்கையில் விழுந்த காலத்தில், பொழுது போவதற்கு எதையாவது வாசித்துக் காட்டச் சொல்லுவார். பேப்பர் அலுத்துவிட்டது. கொழும்பில் இருந்து கொண்டுவந்த என் தகரப் பெட்டியில் அவருடைய பழைய கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றாய் வாசித்தேன். தான் சொன்னதைத் தானே கேட்டுச் சிரிப்பார். “உந்த மாட்டைப் பற்றி அவ்வளவு சொன்னனானோ?” என்பார்.

இப்படி வாசித்துக்கொண்டு போகையில் அந்தக் கடிதமும் வந்துவிட்டது. பாதியில் நிறுத்த முடியவில்லை. முழுக்க வாசித்தேன். குசினியில் அக்கா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“‘பதிலை ஆறுதலாக யோசித்து எழுதவும்.’”

ஐயா என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“அந்தக் கடைசி வசனம் நான் சொல்லேல்லையே,” என்றார்.

குசினியில் துருவும் சத்தம் நின்றது.

நான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே கையெழுத்து. ஐயாவின் பெயருக்கு மேலே உள்ளதும், கீழே உள்ளதும். தன் கலியாணத்தைப் பற்றித் தகப்பன் கேட்ட கேள்வியைத் தன் கையாலே எழுதியிருக்கிறாள். எழுதி முடித்து, தனக்கென்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாருடையது என்று தெரியாத மாதிரி வைத்திருக்கிறாள். பிறகு என் பச்சைப் பென்சில் கடிதம் வந்திருக்கும். அதையும் அவள்தான் உரத்து வாசித்திருப்பாள். ‘வாத்தியாருக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.’

கொஞ்ச நேரத்தால் குசினியில் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அடுத்த நாள் கிணற்றடியில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். தலையில் நரை ஓடியிருந்தது.

“ஏன் அக்கா, எனக்குப் புறம்பாய் ஒரு கடிதம் போட்டிருக்கலாமே? விருப்பம் எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தால்…”

“என்ரை கலியாணத்தை நானே கேட்டு எழுதுறதோ? நல்ல கதை.” மண்வெட்டியால் வாய்க்காலை மற்றப் பாத்திக்குத் திருப்பினாள். “எழுதினாலும் என்ன, நீ அதுக்குப் பக்கத்திலை பச்சைப் பென்சிலாலை ஒரு சரி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பாய்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

“என்னைச் சாட்டாதை எண்டு அண்டைக்கே உனக்குச் சொன்னனான்,” என்றாள். “நீயும் உன்னைச் சாட்டாதை. தண்ணி மற்றப் பக்கம் உடைக்குது, அங்காலை போய்ப் பார்.”

போய்ப் பார்த்தேன். உடைத்துத்தான் இருந்தது.

மேசை

இப்போது அந்தக் கார்த்திகைப் பின்னேரத்துக்குத் திரும்ப வேண்டும். வாசகர் கேட்ட கேள்விக்குப் பதில் முடியவில்லை.

“உன்ரை மனம் எந்தப் பக்கம் கிடக்குதோ அந்தப் பக்கம் போ, தம்பி. என்னை மட்டும் சாட்டாதை” என்றாள் அக்கா. நான் கொழும்பு விண்ணப்பத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது போதும்.

“தபால் கந்தோர் நாலு மணிக்குப் பூட்டிப்போடுவினம். கவர் இருக்கோ?”

இல்லை. அந்தத் தாளை மடிக்காமல் அனுப்ப வேண்டும். வீட்டில் நீட்டுக் கவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கலியாணத் தரகர் கொண்டுவந்து தந்தது. வெள்ளிக்கிழமை மாஸ்ரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவதற்காக, அக்காவின் சாதகக் குறிப்பு நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி அதற்குள் இருந்தது.

அக்கா அலுமாரியைத் திறந்து அந்தக் கவரை எடுத்தாள். சாதகத்தை உருவி எடுத்து, தன் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். கவரைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். மஞ்சள்தூள் கொஞ்சம் மேசையில் விழுந்தது. கொஞ்சம் உள்ளேயே இருந்திருக்க வேண்டும். என் கைக்குக் கீழிருந்த விண்ணப்பத்தை இழுத்து அதற்குள் விட்டாள். குசினிக்குப் போய்ச் சட்டியில் இருந்து ஒரு சோற்றுப் பருக்கை எடுத்துவந்து, ஓரத்தில் வைத்து நசித்துத் தேய்த்து ஒட்டினாள்.

பிறகு, பசை பிடிக்கட்டும் என்று, இரண்டு உள்ளங்கைகளையும் கவரின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, யன்னலால் ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றாள்.